ஆறாவது வலை

செவ்வாய்க்கிழமை, காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம்தான். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவள் வாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அப்புறம் ஒரு வாரத்துக்கு அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நான் எவ்வளவு கத்தினாலும் நீ கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

நீ கேட்ட கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பனியிலிருந்து தண்ணீர் பிடிக்க மேட்டில் ஐந்து வலையும் கட்டி இரண்டு மாதம் ஆகிறது. மூடுபனி தினமும் விடியும்போது கடலிலிருந்து ஏறி வருகிறது, வலைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது, வெயில் வந்ததும் காணாமல் போகிறது. தொட்டியில் சேருவது இரண்டு வாளி, நல்ல நாளில் மூன்று. ஒரு வலைக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது லிட்டர் வரும் என்று நீ எழுதியிருந்தாய். ஐந்து வலைக்கும் சேர்த்தே நாற்பதைத் தாண்டவில்லை. இங்கே இருப்பது நாற்பது வீடு. வீட்டுக்கு ஒரு லிட்டர் என்றால் வாய் கொப்பளிக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், காதில் வாங்கிக்கொள். உன் கணக்கு தப்பில்லை. உன் அலுவலகத்தில் எவன் என்ன சொன்னாலும் தலையைக் குனியாதே. இந்த வருஷம் பனிதான் சரியில்லை. பார்ப்பதற்கு வெள்ளை வெளேரென்று வருகிறது, உள்ளே ஒன்றுமில்லை. நம் மீனவர் சங்கச் செயலாளர் மாதிரி. அவரை உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பேரிடம் பேசினாலும் இருநூறு பேருக்குக் கேட்கிற மாதிரி பேசுவாரே, அதனால் ஒலிபெருக்கி என்போமே, அவரேதான். அவருக்கு இப்போது உன் இரும்புத் தூண்கள்மேல் கண். பன்னிரண்டு தூண், துரு ஏறாத இரும்பு, பிடுங்கிக்கொண்டு வந்தால் மீன் காயவைக்கக் கொட்டகை போடலாம் என்று கடற்கரை முழுக்கச் சொல்லித் திரிகிறார். காற்றைக் கட்டிப்போடப் பார்த்த பெண்ணின் அப்பா என்று என்னை நக்கல் வேறு. நான் விடுவேனா? என் மகள் படித்த படிப்பு உங்கள் கொட்டகைக்குக் கூரை போடவா என்று கேட்டுவிட்டேன். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

வலை இறுக்கமாக இருக்கிறதா, தட்டினால் அதிர்கிறதா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டிருக்கிறாய். ஏன் அம்மா, நாற்பது வருஷமாக வலை கோக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? எல்லாம் நீ வரைந்து அனுப்பிய படத்தில் உள்ளபடிதான் இருக்கிறது. இனி இதைக் கேட்காதே.

நீ கேட்கவேண்டியது துணிக்கடைக்காரனை. நாற்றுப் பண்ணையில் செடிகளுக்கு மேலே கட்டுகிற அந்த நிழல்வலைத் துணி அறுபது மீட்டர் என்று ரசீதில் இருக்கிறது. ஆறு வலைக்கு வரவேண்டியது ஐந்து வலைக்கே தீர்ந்துவிட்டது. ஆறாவதுக்கு நட்ட இரண்டு தூணும் வெறுமனே நிற்கின்றன. கடைக்காரன் கைவரிசையைக் காட்டிவிட்டான். அவனைச் சும்மா விடாதே.

இன்னொரு தொல்லை ஆடு. டீக்கடைக்காரம்மா வளர்க்கிறாரே, அந்தக் கறுப்பு ஆடு. தினமும் காலையில் ஏதோ மேற்பார்வைக்கு வருவதுபோல் மேட்டுக்கு வந்து வலைக்குப் பின்னால் நின்றுகொள்கிறது. அதனால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். துணியைக் கடித்துவிடும் என்று நான் கல்லெடுத்துக்கொண்டு ஓடுவதும் அது ஓடுவதும் தினப்படி வேலையாகிவிட்டது. இந்த வயதில் எனக்கு இது தேவைதான்.

குடிக்கத் தண்ணீர் இருக்கிறது, கவலைப்படாதே. வாரத்தில் இரண்டு நாள் லாரி வருகிறது. கிணறு முழுக்க உப்பாகிவிட்டது. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதை நான் தடுத்தாலும் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

யாருக்கும் பயப்படாதே என்று சொல்லும்
உன் அப்பா


வியாழக்கிழமை, மதியம்

மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா இரண்டு தடவை படித்தாள், மூன்றாவது தடவை படிக்க முடியவில்லை. நான் படித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். வலை ஊசியை எடுத்தேன், ஒரு முடிச்சுகூட ஒழுங்காக விழவில்லை.

உன் கணக்கு தவறு என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போடவேண்டுமா? இந்த வேலையிலிருந்து உன்னை எடுத்துவிட்டு ஏதோ கோப்பு அடுக்குகிற மேசைக்கு மாற்றப்போகிறார்களா? நீயும் சரி என்று சொல்லிவிட்டாயா? போடாதே. நான் சொல்கிறேன், கையெழுத்துப் போடாதே. செய்யாத தப்புக்குத் தலையாட்டுகிற வழக்கம் நம் வீட்டில் யாருக்கும் இல்லை. என்னிடமிருந்து நீ வேறு எதை எடுத்துக்கொண்டாயோ இல்லையோ, இந்தப் பிடிவாதத்தையாவது எடுத்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன்.

உங்கள் அலுவலகத்து ஆள் வந்தது நல்லபடியாகத்தான் இருந்தது என்று போனில் அம்மா சொல்லியிருப்பாள். அப்படி ஒன்றுமில்லை. பத்து மணிக்கு வந்தார். அதற்குள் பனி கலைந்துவிட்டது. பளபளவென்று பாலிஷ் போட்ட காலணியோடு மேடு ஏறி வந்ததில் பாதி மூச்சு போய்விட்டது அவருக்கு. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார், குச்சி விட்டு அளந்தார், எழுதிக்கொண்டார். வலை எல்லாம் வரைபடத்தின்படிதான் கட்டப்பட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். ஒலிபெருக்கி பக்கத்திலேயே நின்று, தூண்களை அடுத்த மாதம் முதல் தேதி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டார்.

நீ எழுதிய ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. கட்டியதில் குறையில்லை என்று அப்பாவே கையெழுத்துப் போட்டுவிட்டார், அப்படியென்றால் தப்பு என் கணக்கில்தான் இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இந்த வரிக்கு வந்தபோது உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது, பத்து மீட்டர் வலை ஆறுக்கு அறுபது மீட்டர் துணிதானே, எப்படி ஐந்தோடு தீர்ந்தது என்று கேட்டாள். கடைக்காரனைக் கேள் என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு போடுகிறாள், பேச்சு இல்லை.

அது கிடக்கட்டும். தூணை எடுக்க எவன் வருகிறான் என்று பார்க்கிறேன். நேற்றிலிருந்து என் வேலையையே மேட்டுக்கு மாற்றிவிட்டேன். கிழிந்த வலைகளை அங்கே தூக்கிக்கொண்டு போய், முதல் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கோக்கிறேன். மீன்பிடிக்கிறவர்கள் வலை வாங்க மேடு ஏறி வரவேண்டியிருக்கிறது. திட்டிக்கொண்டே வருகிறார்கள். வரட்டும்.

முதல் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. அதுவரைக்கும் பேனாவைத் தொடாதே.

அப்பா


ஞாயிற்றுக்கிழமை, காலையில் தொடங்கி மாலையில் முடித்தது

என் மகளுக்கு,

இந்தக் கடிதத்தோடு கொஞ்சம் காய்ந்த புல் வைத்திருக்கிறேன். தபாலில் குப்பை வந்துவிட்டது என்று கொட்டிவிடாதே. அது சாட்சி.

போன திங்கட்கிழமை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். விடியற்காலையில் நல்ல பனி. எதிரே நீட்டிய கை தெரியாத பனி. மேட்டுக்குப் போனால் வழக்கம்போல இன்ஸ்பெக்டர் இரண்டாவது வலைக்குப் பின்னால் நின்று மேய்ந்துகொண்டிருக்கிறது. கல்லை எடுத்துக்கொண்டு வலையைச் சுற்றி ஓடினேன். கால் வழுக்கியது. மல்லாக்க விழுந்தேன், விழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. ஆடு ஓடக்கூட இல்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. அவ்வளவு மரியாதை.

படுத்துக் கிடக்கிறேன், முகத்தில் சொட்டு விழுகிறது. ஒன்று, இரண்டு, அப்புறம் விடாமல். நெற்றியில், மூக்கில், வாயில். நல்ல தண்ணீர். மழை இல்லையே என்று அண்ணாந்து பார்த்தேன். எனக்கு நேர் மேலே வலை காற்றில் பின்னால் புடைத்துக்கொண்டு, சாப்பிட்ட வயிறு மாதிரி தொங்குகிறது. அந்த வயிற்றின் அடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பிடிப்பதற்காக நீ வைக்கச் சொன்ன பாதிக் குழாய், நீளவாக்கில் பிளந்து தூணுக்குத் தூண் கட்டினேனே, அது எனக்கு ஒன்றரை அடி முன்னால் சும்மா இருக்கிறது.

திரும்பிப் படுத்துப் பார்த்தேன். என் காது ஓரம் புல். அப்படியே ஒரே கோடாக, வலைக்குப் பின்னால், இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும் பச்சை. இரண்டு பக்கமும் பொட்டல். தவழ்ந்து போய் மற்ற வலைகளையும் பார்த்தேன். ஐந்து வலை, ஐந்து பச்சைக் கோடு. ஆறாவது தூண்களுக்கு நடுவே மட்டும் ஒரு புல்கூட இல்லை. உன் தண்ணீர் வந்திருக்கிறது மகளே. இரண்டு மாதமாகத் தினமும், நீ சொன்ன அளவுக்கு, நீ சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது. நான் அதை ஆட்டுக்கு ஊற்றியிருக்கிறேன்.

எப்படி என்று உனக்கு இதற்குள் புரிந்திருக்கும், நீ என்னைவிடக் கெட்டி. ஆனாலும் என் கையால் எழுதவேண்டும். மீன்வலைக்குத் தொய்வு வேண்டும். விறைப்பாக இருந்தால் மீன் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். தொய்வு இருந்தால்தான் சிக்கும். பத்து மீட்டர் கயிற்றில் பன்னிரண்டு மீட்டர் வலையைச் சுருக்கிக் கோப்பது என் கைக்குப் பழகிப்போன வேலை. நீ அனுப்பிய படத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் துணி, இறுக்கிக் கட்டவும் என்று இரண்டு தடவை கோடு போட்டு எழுதியிருந்தாய். படித்தேன். படித்துவிட்டு, பாவம், இதுக்கு வலையைப் பத்தி என்ன தெரியும் என்று சிரித்தேன். உனக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒவ்வொரு வலையிலும் இரண்டு மீட்டர் தொய்வு விட்டேன். துணிக்கடைக்காரன் ஒரு சாண்கூட ஏமாற்றவில்லை. அவனுக்கும் எழுதிவிட்டேன்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு வந்த முதல் யோசனையையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கப்போவதில்லை. சத்தம் போடாமல் ஐந்து வலையையும் இறுக்கிவிடலாம், பனி இப்போது நன்றாக வருகிறது என்று சொல்லிவிடலாம், தண்ணீர் நிறைந்தால் யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு டீ ஆறுகிற நேரத்துக்கு நினைத்தேன். அப்புறம், அந்தக் காகிதம் இருக்கிறதே. கட்டியதில் குறையில்லை என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே கணக்கில்தான் தப்பு என்று உன் கையெழுத்து விழப்போகிற இடம். தண்ணீர் வந்தாலும் அந்தக் காகிதம் அப்படியேதான் இருக்கும். வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. அறுபத்திரண்டு வயதில் ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். உன் அம்மாவிடம் சொல்லாதே.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். முதலில் ஒரே ஒரு வலை. படத்தை இந்தத் தடவை கல் வைத்துத் தரையில் விரித்து, நீ எழுதிய எழுத்துக்கு எழுத்து கட்டினோம். வலையை இழுக்கும் திருகுகளை முறுக்க முறுக்க எனக்குக் கை கூசியது, இவ்வளவு விறைப்பாக வலை கட்டினால் என் அப்பா என்னை அடித்தே இருப்பார். தட்டிப் பார்த்தேன், மேளம் மாதிரி அதிர்ந்தது. மறுநாள் காலையில் அந்த ஒரு வலையின் தண்ணீரைத் தனியாகப் பிடித்து அளந்தோம். நூற்று அறுபத்தைந்து லிட்டர். நீ நூற்றைம்பது என்று எழுதியிருந்தாய். உன் கணக்கில் தப்பு இருக்கிறது என்று அவர்கள் சொன்னது உண்மைதான், பதினைந்து லிட்டர் குறைத்துப் போட்டுவிட்டாய்.

வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். தூணை எடுக்க ஆள் கூலி பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகள் போட்ட கணக்கு சரி, நான் கட்டியது தப்பு, தப்பாகக் கட்டிவிட்டுச் சரி என்று கையெழுத்தும் போட்டேன் என்று சொன்னேன். பின்னால் யாரோ ஒருத்தன் சிரித்தான். டீக்கடைக்காரம்மா, எங்க ஆட்டுக்கு ரெண்டு மாசமா தெரிஞ்சது இவருக்கு இப்பதான் தெரிஞ்சுதாம் என்று சொல்ல, மொத்தக் கூட்டமும் சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன். உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் இல்லையா, அந்தச் சிரிப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டேன், அவ்வளவுதான். நாற்பது வருஷமாக என்னிடம் வலை வாங்கியவர்கள் முன்னால் நிற்பது சுலபமாக இல்லை. ஆனால் உட்காரவில்லை.

ஆனாலும் உத்தரவு உத்தரவுதான், தூணை எடுத்தே தீருவோம் என்றார் ஒலிபெருக்கி. எடுக்கிறவன் முதலில் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு எடுக்கட்டும் என்றேன். சனிக்கிழமை காலையில் இரண்டு ஆளோடு வந்தார். அன்று லாரி வரவேண்டிய நாள், வரவில்லை. மேட்டில் அவருக்கு முன்னாலேயே அம்மாவும் டீக்கடைக்காரம்மாவும் தெருப் பெண்கள் எல்லாரும் தொட்டியிலிருந்து தொடங்கிக் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு குடம். தூணை எடுத்துக்கோங்க, இத்தனையையும் ரொப்பிக் குடுத்துட்டு எடுத்துக்கோங்க என்று உன் அம்மா சொன்னாள். கூட வந்த ஆளில் ஒருத்தன் பெண்டாட்டியே வரிசையில் ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தாள். அவன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான். ஒலிபெருக்கி வரிசையைக் கடைசி வரை பார்த்தார். அப்புறம் அவர் வீட்டுக் குடம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். வைத்தால்தானே இருக்கும்? கடைசியில் போய் வைக்கச் சொன்னோம்.

ஐந்து வலையும் இறுக்கியாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் மிஞ்சிய இரண்டு இரண்டு மீட்டர் துணியை வெட்டி எடுத்து அம்மா ஒன்றோடொன்று தைத்தாள். பத்து மீட்டர் வந்தது. ஆறாவது வலைக்குச் சரியாக இருந்தது, ஒரு விரல் மிச்சமில்லை. தைத்துக்கொண்டே, நூலைக் குடுங்க என்றாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

உன் மேலதிகாரிக்கும் தனியாக எழுதி, என் பழைய கையெழுத்து பொய், இது நிஜம் என்று போட்டு, உனக்கு வைத்த மாதிரியே அவருக்கும் ஒரு பிடி புல் வைத்து அனுப்பினேன். நேற்று டீக்கடைப் போனுக்குக் கூப்பிட்டார். நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று புரிந்துதான் போட்டீர்களா என்று கேட்டார். முதல் தடவைதான் புரியாமல் போட்டேன் ஐயா, இந்தத் தடவை புரிந்துதான் போட்டேன் என்றேன். முப்பது நாள் அளவு எழுதி அனுப்பச் சொன்னார். அதுவரை உன் காகிதம் அவர் மேசையிலேயே இருக்குமாம். தினமும் காலையில் அளக்கிறேன். டீக்கடைக்காரம்மா சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார், என் ஒருத்தன் கையெழுத்தை இனி இங்கே யாரும் நம்புவதாக இல்லை. நியாயம்தான்.

சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி பிடிக்கும்போது, ஏம்ப்பா தொய்வு விடணும் என்று கேட்பாய். கேள்வி கேக்காம முடிச்சைப் போடு என்பேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ பஸ் ஏறும்போது, காகிதத்தில் வலை வரைகிறவள் எனக்குச் சொல்லித்தரப் போகிறாளா என்று நான் கேட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு நீ வரவில்லை. இந்த இடத்தில் எழுதவேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது. நாலு தடவை எழுதி நாலு தடவை அடித்துவிட்டேன், காகிதத்தில் தழும்பு தெரியும், பார்த்துக்கொள்.

ஆறாவது வலை ஏறிவிட்டது. ஒரே ஒரு திருகு மட்டும் உனக்காகப் பாக்கி வைத்திருக்கிறேன், கடைசி முறுக்கு. அதனால் அதன் வயிறு இன்னும் கொஞ்சம் தொங்குகிறது, கீழே மண் நனைந்திருக்கிறது, புல் வரும் என்று இன்ஸ்பெக்டர் இப்போதே அங்கே வந்து நிற்கிறது. நான் கல் எடுப்பதில்லை. மற்ற ஐந்தும் இறுக்கமாக இருக்கின்றன என்று எழுதுகிறேன். ஆனால் நான் முன்பும் அப்படித்தான் எழுதினேன்.

அதனால் அப்பா சொல்லிவிட்டார் என்று இந்தத் தடவை நம்பிவிடாதே, மகளே. நீ நன்றாக இருக்கவேண்டும், நூறு வருஷம் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு தடவை நேரில் வந்து உன் கையால் தட்டிப் பார்.

உன் படத்தைப் படித்தும் படிக்காத
அப்பா